வேலாத்தாள் கட்டிக்கொடுத்த பொட்டணம்

வேலாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எட்டு வரைக்கும் எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அன்றைக்கே அவள் மனசுக்குள் எண்ணிக்கை தொடங்கிவிடும். எட்டு தாண்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

காரணம் இருந்தது. அவள் பெற்ற இரண்டும் எட்டாம் நாளில் போயின. முதலாவது பையன், அடுத்தது பெண். இரண்டும் பிறந்தபோது ஊரே வந்து பார்க்கிற மாதிரி கொழுகொழுவென்று இருந்தன. ஆறு நாள் நன்றாகப் பால் குடித்தன. ஏழாம் நாள் காலையில் காம்பைப் பிடிக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. எட்டாம் நாள் அந்தப் பிஞ்சு உடம்பு வில்லாக வளைந்து வளைந்து அடங்கிப்போனது. காற்று அண்டிவிட்டது என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். இவள் வயிறே ஆகாத வயிறு என்று சொல்லிவிட்டு, புருஷன் சென்னியப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

பல வருஷம் கழித்து, அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் அவளுடைய சின்ன ஊரிலும் ஒரு பிரசவ நிலையம் திறந்தார்கள். அங்கே வந்த நர்சம்மாதான் முதன்முதலாக அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"தொப்புள்கொடிய எதுல அறுத்தாங்க வேலாத்தா?"

"கருக்கருவாளுலதானுங். களத்துல கெடந்தது."

"அதுல இருந்த அழுக்குதான் உன் கொழந்தைகளக் கொன்னுச்சு. காத்துமில்ல, கண்ணுமில்ல."

அன்றைக்கு வேலாத்தாள் அழவில்லை. மறுநாள் விடியக் கருக்கலில் வந்து நிலையத்து வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றாள். "என்னைய ஆயாவா வெச்சுக்கோங்" என்றாள். வைத்துக்கொண்டார்கள். பிரசவம் பார்க்கவும் நர்சம்மாவே சொல்லிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவளுடைய கைவேலை பொட்டணம் கட்டுவது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கண்ணம்மாள் வெட்டுத்துணி கொண்டுவந்து தருவாள். அதைச் சோடாப்பூ போட்டு வேகவைத்து, கொடியில் காயவைத்து, மறுபடியும் வேகவைப்பாள். தறிக்காரர் வீட்டில் வாங்கிய நூலைத் துண்டு துண்டாக வெட்டி அதையும் வேகவைப்பாள். பாதியாக ஒடித்த புது பிளேடு ஒன்று, நூல் மூன்று, துணி இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒரு பொட்டணம். எட்டாம் மாதம் ஆன ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்று கொடுப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், மழைக்காலம் முடிந்த கையோடு, லிங்கசாமியின் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தங்கரையில் குருவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு கூடாரம். பயிரைத் தின்கிற எலியையும் குருவியையும் பிடிப்பார்கள் என்று லிங்கசாமிதான் இடம் விட்டிருந்தார். இடம்தான் விட்டார். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. ஊரிலும் அவர்களிடம் மணியும் ஊசியும் வாங்குவார்களே தவிர, நிழலில் நிற்க விடமாட்டார்கள்.

வேலாத்தாள் போனாள். முதல் நாள் அவளைக் கண்டதும் பெண்கள் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். ஊசி போடுகிறவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். நாலாவது தடவை ஒருத்தி மட்டும் உள்ளே ஓடவில்லை. பாசிமணி கோத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பவளா என்று பெயர். வயிறு முன்னுக்கு வந்திருந்தது.

"இது எத்தனையாவது கண்ணு?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

"மூணாவது சாமி."

"மத்த ரெண்டும்?"

பவளா ஊசியை மணிக்குள் விட்டாள். நூலை இழுத்தாள். "எட்டாம் நாளு" என்றாள்.

வேலாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டாம் மாதம் வந்ததும் பொட்டணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பவளாவும் அவள் புருஷன் தேசிங்கும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்கள். வேலாத்தாள் எல்லா வீட்டிலும் சொல்கிற அதே சொற்களைத்தான் அங்கேயும் சொன்னாள்.

"இதப் பிரிக்கப்படாது. கண்டவங்க கை படப்படாது. உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்பச் சுத்தமான எடம் எதோ, அங்க வெச்சுருங். வலி வந்தா என்னையக் கூப்புடுங். நான் வரலீன்னாலும் இந்த பிளேடுலதான் அறுக்கோணும். தெரிஞ்சுதா?"

தேசிங்கு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஊர் வீடுகளில் சுத்தமான இடம் என்றால் அரிசிப் பானைக்கு மேலே, உறியில் என்று வைப்பார்கள். இவர்களுக்கு உறியும் கிடையாது, பானையும் இரண்டுதான். அதை அவள் யோசிக்கவில்லை.

மாதக் கூட்டத்துக்காக வேலாத்தாள் நர்சம்மாவோடு பல்லடம் போயிருந்த அன்றைக்கு, நாள் ஆவதற்கு முன்பே பவளாவுக்கு வலி கண்டுவிட்டது. தேசிங்கு நிலையத்துக்கு ஓடிவந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறான். பொழுது சாய பஸ்ஸை விட்டு இறங்கியதும் விஷயம் தெரிந்து வேலாத்தாள் போட்டது போட்டபடி பள்ளத்தங்கரைக்கு ஓடினாள்.

ஆண் குழந்தை. கை நிறைய இருந்தது. நெற்றியில் மயிர் இறங்கி, மூக்குச் சப்பையாக, யாரிடமோ கோபித்துக்கொண்ட கிழவனைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தது. வேலாத்தாளுக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. "அடடே, என்ற சாமீ, வந்துட்டீங்ளா?" என்று தூக்கினாள். துணியை விலக்கினாள்.

தொப்புள்கொடியில் கட்டியிருந்தது கறுப்பு நூல். பாசி கோக்கிற நூல்.

"பொட்டணம் எங்க?"

தேசிங்கு பெருமையோடு சிரித்தான். "பத்திரமா இருக்குது சாமி. நீங்க சொன்ன மாதிரியே. ஒருத்தரு கை படல." கூடாரங்களுக்கு அப்பால், தனியாக நின்ற வேலமரத்தைக் காட்டினான். அதில் ஒரு சிவப்புத் துணி மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய அம்மன் அதற்குள்தான் இருந்தாள். தேசிங்கின் அப்பன், பாட்டன் காலத்து மூட்டை. பொட்டணத்தை வைக்க அதைவிடச் சுத்தமான இடம் அவர்களிடம் வேறெது? குளித்து விரதம் இருந்து தேசிங்கு ஒருத்தன்தான் அதைத் தொடலாம். கூடாரத்தில் பிரசவ வலி என்றால் மூட்டையைக் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிடுவது அந்தக் கூட்டத்து வழக்கம். அதற்குப் பிறகு பத்து நாள் தீட்டு. அவனும் தொடக்கூடாது.

"அப்ப எதுலய்யா அறுத்தீங்?"

அவன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் காட்டினான். குருவி உரிக்கிற கத்தி.

வேலாத்தாள் குழந்தையைப் பவளாவின் மடியில் விட்டாள். பவளா அவள் முகத்தையே பார்த்தாள். அந்தக் கண்ணில் கேள்வி கேட்கிற தைரியம்கூட இல்லை. மெதுவாகச் சொன்னாள்: "குழந்த இருந்தா மூட்ட பத்து நாளு மரத்துல இருக்கும் சாமி. போயிருச்சுன்னா அன்னைக்கே தலமுழுகி எறக்கிருவாங்க. எனக்கு ரெண்டு தடவையும் எட்டாம் நாளே எறக்கிட்டாங்க."

நர்சம்மா வந்து கொடியைக் கழுவி மருந்து வைத்தாள். "டவுன் ஆஸ்பத்திரில ஜன்னிக்கு ஊசி இருக்கு. நாளைக்கே போட்டாகணும். பொறவு போட்டுப் பிரயோசனமில்ல" என்றாள்.

பச்சை உடம்புக்காரி கூடாரத்தை விட்டு நகரக்கூடாது என்று அங்கிருந்த கிழவிகள் கத்தினார்கள். பவளா எழுந்து நின்றாள். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

காலை பஸ் வந்தது. கண்டக்டர் படியிலேயே கையை நீட்டி மறித்தான்.

"நீங்க ஏறுங்க்கா. இதுக வேண்டாம். ஏத்துனா மத்தவங்க எறங்கிக்குவாங்க."

"பச்சக் கொழந்தைங். ஆஸ்பத்திரி போகோணும்."

"அடுத்த வண்டில வாங்."

"அடுத்த வண்டிக்காரனும் இதத்தான சொல்லுவான்?"

உள்ளேயிருந்து ஒரு பெண், "நாத்தம் தாங்காதுங். வண்டிய எடுக்கச் சொல்லுங்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கண்டக்டர் விசில் ஊதினான்.

வேலாத்தாள் பஸ்ஸுக்கு முன்னால் போனாள். நடு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "ஏத்திப்புடுவேன், எந்திரி!"

"அதத்தானுங் நானும் கேக்கறேன். அவியள ஏத்துங், இல்லாட்டி எம்மேல ஏத்துங். எதுன்னாலும் வெரசாப் பண்ணுங். அந்தக் கொழந்தைக்கு நேரமில்ல."

முன் சீட்டில் லிங்கசாமி உட்கார்ந்திருந்தார். "வேலாத்தா, உனக்குப் பித்து கித்துப் புடிச்சுருச்சா? குருவிக்காரிக்காக ரோட்டுல உக்கோருவியா?"

"உங்க தோட்டத்துல பொறந்த கொழந்தைதானுங். நீங்க ஒரு வார்த்த சொன்னா ஏத்திக்குவாங்ல்ல?"

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். "என்னங் கவுண்டரே, உங்க தோட்டத்துக் கொழந்தையாமா!" இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். லிங்கசாமியின் முகம் கறுத்தது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று வேலாத்தாளுக்கு அப்போது தெரியவில்லை.

வெயில் ஏற ஏற உள்ளே இருந்தவர்களே, "ஏத்தித் தொலைங்கப்பா, சந்தைக்கு நேரமாகுது" என்றார்கள். கடைசியில், தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு மூன்று பேரும் குழந்தையும் டவுன் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "எந்த ஊரு?"

"இன்னைக்கு பள்ளத்தங்கரை சாமி" என்றான் தேசிங்கு.

"வெளாடறியா? கதவு நம்பரச் சொல்லு."

"கதவே இல்ல சாமி."

விலாசம் இல்லாமல் சீட்டு எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேலாத்தாள் முன்னால் வந்தாள். "என்ற ஊட்டு நம்பரப் போடுங். ரெண்டுல பதினாலு."

"குருவிக்காரங்க உன்ற ஊட்டுலயா இருக்காங்க?"

"ஆமாங். ஒறம்பரைங், என்ற சொந்தக்காரங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். எழுதினார்.

டாக்டர் ஊசி போட்டார். நல்ல மனிதர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். "கத்தி பட்டு ஒரு நாளாச்சு. போட்டிருக்கேன், உறுதி சொல்ல மாட்டேன். எட்டு நாள் பாரு. பால் குடிக்கலைன்னா அந்த நிமிஷமே தூக்கிட்டு வா."

மூன்றாம் நாள் காலை வேலாத்தாள் பள்ளத்தங்கரைக்குப் போனாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சுண்டு விரலைக் குழந்தையின் வாயில் வைத்தாள். தாடை திறந்தது. சப்பியது. நாலாம் நாள் போனாள். சப்பியது. ஐந்தாம் நாள் விரலை எடுத்தபோது வீறிட்டு அழுதது. பவளா அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள். "பேரு வெக்கலயா?" என்று வேலாத்தாள் கேட்டாள். "ஒம்பதாம் நாளு வெக்கிறோம் சாமி" என்றாள் பவளா.

ஆறாம் நாள் காலை போனபோது பள்ளத்தங்கரையில் ஒருவரும் இல்லை.

கூடாரம் ஊன்றிய குழிகள் இருந்தன. மூன்று கல், சாம்பல், நாலு உடைந்த பாசி. வேலாத்தாள் மரத்தைப் பார்த்தாள். மூட்டை இல்லை. அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. மூட்டையை இறக்கிவிட்டார்கள் என்றால்? இல்லை, ஆறு நாள்தானே. கிளம்பும்போது எடுத்துத்தானே ஆகவேண்டும்? தேசிங்கு தொட முடியாது, வேறு யாராவது கம்பில் மாட்டித் தூக்கிப் போயிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள்.

லிங்கசாமி வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கீங் அவங்க?"

"காலி பண்ணச் சொன்னேன். பண்ணீட்டாங்க."

"ஏனுங்?"

"ஏனா? பஸ்ஸுல அத்தன பேருக்கு முன்னால என்ற மானத்த வாங்குனியே, அப்ப கேட்டியா ஏன்னு? பாக்கறவனெல்லாம் உன்ற தோட்டத்துக் கொழந்த எப்படியிருக்குதுன்னு கேக்கறான்."

"நான் சொன்னது தப்புங். என்னைய அடிங், வையுங். அந்தக் கொழந்தைக்கு இன்னும் மூணு நாள் இருக்குதுங்."

"எனக்கென்ன தெரியும்?" என்று அவர் மடை திறக்கப் போய்விட்டார்.

வேலியோரமாக அவர் மனைவி பழனியம்மாள் வந்தாள். அவள் மருமகளுக்கும் அது எட்டாம் மாதம். வேலாத்தாள் கட்டிய பொட்டணம் அந்த வீட்டு உறியிலும் இருந்தது. "காங்கயம் ரோட்டுல போனாங்கக்கா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

பொட்டணத்தைப் பிரிக்காதே, சுத்தமான இடத்தில் வை என்று சொன்னதும் இவள் வாய். பஸ்ஸுக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதும் இவள் வாய். வேலாத்தாள் அந்த வாயில் தானே அறைந்துகொண்டாள். நர்சம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

காங்கயம் வரைக்கும் பஸ்ஸில் போனாள். அங்கே சந்தையில், பஸ் நிற்கும் இடத்தில், கோயில் முன்னால் எல்லாம் தேடினாள். பாசிமணிக்காரி ஒருத்தியைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். வேறு யாரோ. ஏழாம் நாள் மத்தியானம் டீக்கடைக்காரர் ஒருவர், "நேத்து ஒரு கூட்டம் வெள்ளகோவில் பக்கமாப் போச்சுங். ஏனுங், கோழி கீழி காணமா?" என்றார்.

"இல்லீங். என்ற ஊட்டுக் கொழந்தைங்" என்றாள் வேலாத்தாள்.

வெள்ளகோவில் ரோட்டில் நடந்தாள். வழியில் எதையாவது பார்க்கத் தவறிவிடுவோமோ என்ற பயத்தில் பஸ் ஏறவில்லை. இரண்டு கல் தொலைவு போனதும் ரோட்டோரம் சாம்பல் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தாள், சூடு இல்லை. சாம்பலுக்குப் பக்கத்தில், பனைமரத்தடியில், புதிதாகத் தோண்டி மூடிய மண். முழங்கை நீளம்தான் இருக்கும்.

இவள் தன் குழந்தைகளைப் புதைத்தபோதும் அந்த நீளம்தான் இருந்தது.

வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போய்விடலாம் என்று எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கையாலும் மண்ணை அள்ள ஆரம்பித்தாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ரோட்டில் போன வண்டிக்காரன் நிறுத்தி, "என்னங் தேடறீங்?" என்றான். அவள் அள்ளிக்கொண்டே இருந்தாள். விரலில் மெத்தென்று என்னவோ பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

இறகு. கொக்கு இறகும் குடலும். நாய் வந்து இழுக்காமல் இருக்க யாரோ புதைத்த கழிவு.

வேலாத்தாள் அந்த நாற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தன் இரண்டு குழந்தைக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள்.

எட்டாம் நாள் காலை வெள்ளகோவிலுக்கு வெளியே ஒரு பொட்டல்காட்டில் கூடாரங்கள் தெரிந்தன. அவள் கூடாரங்களைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்க்கவில்லை. மரங்களைத்தான் பார்த்தாள். ஒரு வேம்பு, அதில் ஒன்றும் இல்லை. ஒரு ஊஞ்ச மரம், அதிலும் இல்லை. இன்னும் பத்தடி நடந்தாள். கூடாரங்களுக்குப் பின்னால், தூரத்தில் தனியாக ஒரு குடைவேல மரம்.

அதில் சிவப்பு மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

தேசிங்கு ஓடிவந்தான். "சாமீ! நடந்தா வந்தீங்க?" என்றான். தண்ணீர் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் கையைக் கழுவினாள். மடியிலிருந்த சோப்புத் துண்டை எடுத்துப் பிய்ந்த நகம் எரிய எரிய மறுபடியும் மறுபடியும் கழுவினாள். பவளா குழந்தையை நீட்டினாள். அவள் முகத்தில் நம்பிக்கையும் இல்லை, நம்பிக்கையின்மையும் இல்லை. தூங்காத முகம்.

"குடிக்குதா?"

"விடியக் குடிச்சான். இப்ப தெரியல சாமி. பயமா இருக்குது, நான் பாக்கல."

வேலாத்தாள் விரலை வைத்தாள். உதடு அசையவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. சுற்றிலும் நின்ற பெண்களின் பாசிமணிகூட ஓசைப்படவில்லை. பிறகு அந்தச் சின்ன வாய் திறந்தது. விரலைக் கவ்வி, நகம் பிய்ந்த இடத்தில் வலிக்க வலிக்க இழுத்துச் சப்பியது. பால் வரவில்லை என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கத்தியது.

"கோவத்தப் பாருங்" என்றாள் வேலாத்தாள்.

சற்று நேரம் கழித்துத் தேசிங்கு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அந்தப் பொட்டணத்த நாங்க திருப்பித் தர முடியாது சாமி. அது அம்மங்கிட்டப் போயிருச்சு."

"அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் வேலாத்தாள். தன் பையிலிருந்து வேறொரு பொட்டணத்தை எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற சின்னப் பெண் ஒருத்தியை முன்னால் கூப்பிட்டாள். எல்லோருக்கும் நடுவில், பிரிக்கக்கூடாது என்று இத்தனை காலமாகச் சொல்லிவந்த முடிச்சைத் தானே அவிழ்த்தாள். பிளேடு, நூல், துணி. ஒவ்வொன்றாகக் காட்டினாள். கை பட்டுவிட்டதால் காட்டியதைத் தன்னோடு வைத்துக்கொண்டு, பிரிக்காத வேறொன்றை அவள் கையில் கொடுத்தாள்.

"இத எங்க வெப்பே கண்ணு?"

அந்தப் பெண் மரத்தைப் பார்த்தாள். தேசிங்கைப் பார்த்தாள். பிறகு பாவாடை மடிப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க" என்றாள். "எங் கையிலேயே."